குளிர் தாங்காத பெட்டி

எங்கள் பாட்டுக் குழுவில் நாயனக்காரர் கிடையாது. தேவிகுளத்துக்குக் கீழே இருந்த ஒரு எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரி ஆட்கள் சேர்ந்து நடத்திய குழு அது. பாடுவது ஃபேக்டரி கிளார்க்கு. குழுவின் முதலாளியும் அவரே என்று அவருக்கு ஒரு நினைப்பு. நான் ஃபேக்டரியில் வயர்மேன், குழுவில் எலக்ட்ரிக் கிட்டார். கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில் கட்டப்படும் என்பதால் கிட்டாரும் என்னிடம் வந்தது என்று கிளார்க்கு சொல்வார். பாதி கேலி, பாதி உண்மை.

எழுபதுகளின் நடுவில் சினிமாப் பாட்டுகளில் புதுச் சத்தம் ஒன்று கேட்க ஆரம்பித்தது. கிட்டார்தான், ஆனால் தொண்டை கட்டின நாயனம் மாதிரி கரகரவென்று நீளமாக இழுக்கும். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக் காலால் அழுத்தினால் அந்தச் சத்தம் வரும், அதை ஃபஸ் பெட்டி என்பார்கள் என்று மைக்செட்காரர் ஒருவர் சொன்னார். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. தகர டப்பாவுக்குள் வண்டு விழுந்தது போல இருந்தது. கிளார்க்குக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பங்குனியில் எங்கள் எஸ்டேட் மாரியம்மனுக்குக் கொடைத் திருவிழா.

"எலே, கொடைக்கு அந்தப் பாட்டு இல்லேன்னா சனம் கல்லெடுத்து எறியும்ல. நாயனத்துக்கு நாயனமும் ஆச்சு, கிட்டாருக்குக் கிட்டாரும் ஆச்சு. உன் பொண்டாட்டி ஊர்ப் பக்கம் ரேடியோக் கடை இருக்குன்னியே, போய் ஒண்ணு புடிச்சுட்டு வா" என்றார்.

நான் அங்கே போக வேண்டிய காரணம் வேறு. அது அவருக்கும் தெரியும், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கும் மேலாக என் மனைவி மலைக்குக் கீழே சமவெளியில், அவள் பிறந்த ஊரான எலப்புள்ளியில்தான் இருந்தாள். முந்தின ஆடி மழையில் எங்கள் குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தது. மார்ச்சளி. ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் நடக்க, இவள் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, குழந்தையின் மார்பில் விடாமல் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு ஆற ஆற வறுத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு, அடக்க ஒன்றும் இருக்கவில்லை. லயத்துப் பெண்கள் "அழுதுருய்யா, அழலேன்னா நெஞ்சு அடைச்சுரும்" என்றார்கள். அவர்களுக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. புதைத்துவிட்டு வந்து, மறுநாளே ஃபேக்டரிக்குப் போய் ஒரு மோட்டாருக்கு ஃப்யூஸ் போட்டேன். சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல் நடந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் கையில் இருந்த ஒயரைச் சீவிக்கொண்டே இருந்தேன். கல்லுளிமங்கன் என்ற பெயர் எனக்கு நிலைத்தது அப்படித்தான். ஆவணியில் அவள் அண்ணன், என் மச்சான், வந்து அழைத்துப்போனார். "இந்தக் குளுருதான் எம்புள்ளையக் கொன்னு போட்டுது. இங்க என்னால இருக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை வரை இருக்கட்டும் என்றார் அண்ணன். தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. மாசிக் கடைசியில் கிட்டாரைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு உடுமலை வழியாக இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, எலப்புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மச்சான் களத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தார். சாக்குப் பையைப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, ஊட்டுக்காரியக் கூப்புட வந்தீங்களா, பாட்டுக் கச்சேரிக்கு வந்தீங்களா?" என்றார். குத்தல் இல்லை, அவர் சுபாவமே அப்படி. ரெண்டுக்கும்தான் என்றேன். உள்ளே என் மனைவி சோறு போட்டாள். இளைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள்.

"அங்க குளுரு கொறஞ்சுதுங்களா?"

"அப்படியேதான் இருக்கு."

"பாப்பாவோட கம்பளிச் சட்டை அங்கயே கெடக்குது. நோம்பிக்கு அண்ணங்கூட வாரேனுங்க. சட்டையும் என்ற சாமானமும் எடுத்துட்டு மறுநா பஸ்ஸுக்குத் திரும்பிர்றேன்."

கொடையைத்தான் அவர்கள் ஊரில் நோம்பி என்பார்கள். வருகிறேன் என்று அவள் சொன்னது நிரந்தரமாகப் போவதற்காக. "ஏன்" என்றோ "வேண்டாம்" என்றோ நான் சொல்லியிருக்கலாம். "சரி" என்றேன். அந்தச் "சரி"யைக் கேட்டு அவள் முகம் எப்படி மாறியது என்பதும் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, கை கால் மரத்துப்போனவனுக்கு முள் குத்துவது கண்ணால் பார்த்தால்தானே தெரியும்.

மச்சான் என்னைச் சந்தியில் இருந்த ரேடியோக் கடைக்கு அழைத்துப்போனார். நடு மத்தியானம். கடையின் தகரக் கூரை தகித்தது. கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். சிலோன் ஸ்டேஷனே தன் கை பட்டால்தான் பேசும் என்பது போலப் பேசினார். மேஜையில் இரண்டு பெட்டிகளை வைத்தார்.

"இது பம்பாய் சரக்குங்க. சிலிக்கான் டிரான்சிஸ்டர். இது நம்ம கைவேலைங்க. பழைய ரேடியோவுல கழட்டுன ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். வாசிச்சுப் பாருங்க, எது பாடுதோ அத எடுத்துக்குங்க."

கிட்டாரை மாட்டினேன். பம்பாய்ப் பெட்டி பார்க்கவும் லட்சணமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் வரும், இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும். ஆனால் சத்தத்தில் ரம்பம் அறுக்கும் கூர்மை. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் அந்தக் கூர்மை குறையவில்லை. வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் உஸ்ஸென்று சீறியது. இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தட்டினால் கூழ்.

எலப்புள்ளிப் பெட்டி அசல் பிஸ்கட் டப்பா. மேலே காலிங்பெல் பொத்தான் ஒன்றைப் பதித்திருந்தார். அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அந்தச் சத்தம், விட்டால் வெறும் கிட்டார்தான். பேட்டரியும் பாதி தீர்ந்தது. புதுசு போடாதீர்கள், பழைய பேட்டரிக்குத்தான் குரல் கனியும் என்றார். சரி, விற்கிறவன் வாய்க்குப் பூட்டு ஏது என்று நினைத்துக்கொண்டே அழுத்தி, ஒரு கம்பியை மட்டும் தட்டினேன்.

அது முடியவே இல்லை. தட்டிய இடத்தில் இருந்து அப்படியே எழுந்து, தடித்து, நின்றது. வால்யூமைக் குறைத்தால் அடங்கிச் சாதாரணக் கிட்டார் ஆனது, கூட்டினால் மறுபடி எழுந்தது. கம்பி ஆடுவது கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் சுரம் போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு வெளியே நின்ற மாடு ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. எதுவும் முடியாமல் இருந்தால் தேவலை என்று அந்த நாட்களில் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதை எடுத்தேன். பொத்தானை அழுத்திக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று வாசிக்க வேண்டியிருக்குமே என்பதைக்கூட யோசிக்கவில்லை. மச்சான் பம்பாய்ப் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாக்கறதுக்கு அது லட்சணமா இருந்துதுங்க மாப்ள" என்றார்.

மலைக்குத் திரும்பி வந்ததும் ஃபேக்டரியில் வயர்மேன் அறையில் மாட்டிப் பார்த்தேன். ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சுரம் எழுவதற்குள் பொட்டென்று அறுந்தது. மறுபடி தட்டினால் மறுபடி பொட். சாலிடர் வைத்த இடமெல்லாம் பார்த்தேன், ஒயரை மாற்றினேன், புது பேட்டரி போட்டேன். அதே பொட். கிளார்க்கு வந்து கேட்டுவிட்டு, "எலப்புள்ளிச் சரக்கு எதுக்குமே நம்ம குளிரு ஒத்துக்காது போலிருக்குலே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அவர் வாய்தவறிச் சொன்னதில் விஷயம் இருந்தது. கொழுந்து உலர்த்தும் டிரையரின் பக்கத்துத் தகட்டில் பெட்டியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து மாட்டினால், மாடு திரும்பிப் பார்த்த அதே சுரம். கடைக்காரர் அந்தப் பழைய டிரான்சிஸ்டர்களைத் தகரக் கூரைக்குக் கீழே, எலப்புள்ளி வெயிலுக்கு ஏற்றபடி பொருத்திவிட்டார். அந்தச் சூடு இருந்தால் பாடும், ஆறினால் தொண்டையடைத்துப் போகும். குறை சொல்லவும் முடியாது, நான் வாசித்துப் பார்த்து வாங்கியதும் அந்த வெயிலில்தான்.

அப்புறம் தினமும் பெட்டியை டிரையரில் சூடாக்கி, ஒத்திகை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷம் நடப்பதற்குள் ஆறிவிடும். சாக்கில் சுற்றினேன், துண்டில் சுற்றினேன், பயனில்லை. வீட்டில் தேடினபோது டிரங்குப் பெட்டியில் குழந்தையின் கம்பளிச் சட்டை கிடைத்தது. மஞ்சள் நிறம், என் மனைவி பின்னியது. பெட்டியை உள்ளே விட்டுப் பொத்தான்களைப் போட்டால் கச்சிதமாக இருந்தது. கைகள் வழியாக இரண்டு ஒயர்களும் வெளியே வந்தன. பாசத்தில் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. அளவு சரியாக இருந்தது, சூடு நின்றது, அதனால் எடுத்தேன். அவள் அந்தச் சட்டையைக் கேட்டிருந்தது நினைவில் இருந்தது. அவள் வருவதற்குள் எடுத்து வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

கொடை அன்றைக்கு ஃபேக்டரிக்கு விடுமுறை. டிரையர் கிடையாது. போதாக்குறைக்கு மத்தியானம் ஆலங்கட்டி மழை பெய்து மலையே விறைத்துவிட்டது. லயத்து வீட்டில் அடுப்பு ஓரத்தில் பெட்டியைச் சட்டையோடு வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் பஸ் சாயங்காலம் வரும் என்று நினைத்தேன். முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவள் நேராகப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அடி வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"சட்டை எங்கீங்க?"

அடுப்பைக் காட்டினேன். அவள் அதை எடுத்தாள். உள்ளே கனம் இருப்பது தெரிந்ததும் கை நின்றது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு சட்டையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கழுத்துப் பக்கம், கைப் பக்கம், உள்பக்கம் எல்லாம் முகர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. துவைக்காமல் வைத்திருந்த சட்டை அது.

"தேயிலை வாசம் அடிக்குது" என்றாள். "பாப்பா வாசம் போயிருச்சே. எல்லாம் போயிருச்சே. எதுக்குங்க? எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

"அளவு சரியா இருந்துச்சு" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். உண்மையும் அதுதான். வாசலில் நின்ற மச்சான் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைத் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மனைவி தரையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"என்னது இது?"

"எலப்புள்ளியில வாங்குனது. குளிரு ஆகாது இதுக்கு. ஆறிட்டா சுரம் அறுந்துரும். சூடு பண்ணிக்கிட்டே இருக்கணும்."

அவள் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். நான் டப்பாவை என் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போனேன். வயிற்றில் அது சுட்டது. போகப் போக ஆறியது.

பூஜை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் கச்சேரி தொடங்கியது. மூங்கிலும் தார்ப்பாயும் கட்டிய மேடை. முதல் பாட்டு சாதாரணக் கிட்டார், தப்பித்தேன். இரண்டாவது பாட்டில் ஃபஸ் வரும் இடத்தில் பொத்தானை மிதித்தேன். பொட். இன்னொரு தடவை. பொட். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "என்னய்யா, தவளைய மிதிச்சிட்டியா?" என்று யாரோ கத்தினார்கள். கிளார்க்கு பாடிக்கொண்டே என்னைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தார். எனக்கு அவமானமாகவும் இல்லை. மூன்றாவது பாட்டுதான் நீளமாக இழுக்க வேண்டிய பாட்டு, அதுவும் இப்படித்தான் போகும் என்று மட்டும் நினைத்தேன்.

டோலக்குக்காரர் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் விலகியது. என் மனைவி. கையில் மஞ்சள் சட்டையும் ஒரு துணி முடிச்சும். வறுத்த உப்பின் வாசனை வந்தது.

"எத்தன சூடு வேணுங்க இதுக்கு?" என்றாள்.

"உங்க ஊரு மத்தியான வெயில் அளவுக்கு."

முடிச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தாள். என் காலடியில் இருந்த டப்பாவை எடுத்து, முடிச்சோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டு, மேடையின் பின்பக்கம் தார்ப்பாய் மறைவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். எப்போது அழுத்த வேண்டும் என்று கேட்டாள். நான் தலையாட்டும்போது என்றேன். மேல் பொத்தான் ஒன்றைக் கழற்றி விரலை உள்ளே விட்டுக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்ததும் தலையாட்டினேன். சுரம் எழுந்தது. ரேடியோக் கடையில் கேட்ட அதே சுரம், தடித்து, இழுத்து, நின்றது. சிரித்த கூட்டம் அடங்கியது. முன்வரிசையில் ஒரு கிழவர் "நாயனம்டே, நாயனம்" என்றார். எனக்கு வாசிக்க வேண்டிய நீளம் முடிந்து, பாட்டும் முடிந்தது. கம்பியில் இருந்து கையை எடுக்கப்போனேன். திரும்பிப் பார்த்தேன்.

அவள் பொத்தானை விடவில்லை. மடியில் இருந்த சட்டையின் மேல் கவிழ்ந்துகிடந்தாள். தோள் குலுங்கியது. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அவள் சத்தம் கேட்கவில்லை. பெட்டியின் கரகரப்பு அதை முழுதாக மூடியிருந்தது. நான் கையை எடுத்தால் அவள் அழுவது மைக்கில் போய் மைதானம் முழுக்கக் கேட்கும்.

கையை எடுக்கவில்லை. அடங்க அடங்கக் கம்பியை மறுபடி தட்டினேன். ஒரே சுரம்தான், அதற்கு மேல் ஒன்றும் யோசிக்க வரவில்லை. கிளார்க்கு "போதும்லே" என்று வாயசைத்தார். தட்டினேன். டோலக்குக்காரருக்கு என்ன தோன்றியதோ, கூடவே மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். பாட்டில் இப்படி ஒரு இடம் இருக்கிறது போலிருக்கிறது என்று சனம் நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தானாகத் தலை நிமிர்ந்து முகத்தைத் துடைக்கும்வரை விடாமல் தட்டினேன். அவள் விரலை எடுத்தாள். கரகரப்பு நின்றது. கைதட்டினார்கள்.

அப்போதாவது அழுதாயா என்று பிறகு சிலர் கேட்டார்கள். இல்லை. அழவில்லை.

மறுநாள் காலையில் மச்சான் பஸ்ஸுக்குக் கிளம்பி டிரங்குப் பெட்டியைத் தூக்கப்போனார். "அது இருக்கட்டுங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவள் அந்தத் துணி முடிச்சை அவிழ்த்து உப்பை வாணலியில் கொட்டி, அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் கச்சேரி எதுவும் இல்லை. வறுத்து, முடிந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தாள். என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, முடிச்சை நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"சுடுதுங்களா?" என்றாள்.

சுட்டது.